மேடான் மலையும் டியூப் மட்டமும்: எரிமலை வெடிப்பை எப்படிக் கணிக்கிறார்கள்?

எங்கள் ஐயா இளவயதில் கொண்டுவிற்கப் போனது மேடானுக்கு. சுமத்ரா தீவின் வடபகுதியில் இருக்கும் ஊர். ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதப் பழகி, வருஷக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் சொன்ன அக்கரைச் சீமைக் கதைகளில் எனக்கு இன்னும் மறக்காதது மலைக்கதை. மேடானிலிருந்து மேட்டுப்பக்கம் ஏறினால் பிராஸ்தாகி என்று குளிர்ச்சியான ஊர் ஒன்று வரும். அங்கே நின்று பார்த்தால் இரண்டு மலைகள் தெரியும். ஒன்று சிபாயாக், அதன் பாறை விரிசல்களில் எப்போதும் கந்தக ஆவி வந்துகொண்டிருக்கும். இன்னொன்று சினாபுங். “அது செத்த மலை அப்பு. அடிவாரம் பூராம் காய்கறித் தோட்டம்” என்பார்.

ஐயா காலமாகிப் பல வருஷம் கழித்து, 2010 ஆகஸ்டில் அந்தச் சினாபுங் வெடித்தது. அதற்கு முன் அது வெடித்ததாக உறுதியான எழுத்துப் பதிவு எதுவும் இல்லை. இந்தோனேசியாவில் உயிருள்ள எரிமலைகள் 120-க்கும் மேல். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கவனிக்க எந்த நாட்டுக்கும் கருவிகளும் ஆட்களும் போதாது. சினாபுங், அவசரம் குறைந்த ‘பி’ பட்டியலில் இருந்தது. அதன் மேல் யாரும் தொடர்ந்து கண் வைத்திருக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எரிமலை பற்றி எது கிடைத்தாலும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன ஆடியில் எங்கள் ஆச்சி (அக்கா) மகள் மீனா ஊருக்கு வந்திருந்தபோது, “முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா அம்மான்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எரிமலை ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். இதற்கு நம் வீட்டு அடுப்படியே போதும். ஓர் அடுப்பில் ரசம் கொதிக்கிறது, பக்கத்து அடுப்பில் கும்மாயம் கிண்டுகிறார்கள் என்று வையுங்கள். ரசத்தில் குமிழி மேலே வந்த உடனே உடைந்து, ஆவி வெளியே போய்விடும். கும்மாயத்தில் அப்படி நடக்காது. மாவும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்து இறுகி வரும் நேரத்தில் ஆவிக்கு எளிதில் வழி கிடைக்காது. உள்ளேயே திரண்டு, உப்பி, பிறகு ‘டப்’பென்று வெடித்துக் கையில் தெறிக்கும். பிள்ளைகளை அந்த நேரத்தில் அடுப்புக்கு அருகில் விடமாட்டார்கள்.

பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பிலும் ரச வகை உண்டு, கும்மாய வகை உண்டு. ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலையில் வருவது நீர்த்த குழம்பு. குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) ஏறத்தாழ பாதிதான் இருக்கும்; வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல். அது பெரும்பாலும் வழிந்து ஓடும். சினாபுங், பிலிப்பைன்ஸின் பினாடுபோ போன்றவற்றில் சிலிக்கா கூடுதல், வெப்பம் குறைவு, அதனால் குழம்பு கெட்டி. பேரழிவுகளில் பெரும்பாலானவை இந்த வகை மலைகளால் வந்தவை.

கெட்டித்தன்மை பாதிக் கதைதான். மீதிப் பாதி கோலி சோடாவில் இருக்கிறது. மூடிய பாட்டிலுக்குள் வாயு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அழுத்தத்தில் தண்ணீரோடு கரைந்து கிடக்கும். கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் குறைகிறது, ஒரே நொடியில் நுரை பொங்குகிறது. பாறைக்குழம்பிலும் நீராவி, கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் ஆழத்தின் அழுத்தத்தில் கரைந்தே இருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், வாயு பிரியும், குமிழி பெருகும். கெட்டிக் குழம்புக்குள் அந்தக் குமிழிகள் சிக்கிக்கொண்டால் குழம்பே தூள் தூளாகச் சிதறுகிறது. எரிமலைச் சாம்பல் என்று நாம் சொல்வது விறகுச் சாம்பல் போன்றதில்லை. அப்படிச் சிதறிய பாறையும் கண்ணாடியும் கலந்த துகள் அது.

சரி, இதில் கணிப்புக்கு எங்கே இடம்? பாறைக்குழம்பு மேலே வராமல் பெரிய வெடிப்பு கிடையாது. அது சத்தமில்லாமல் வரவும் முடியாது. வழியில் பாறையை உடைக்க வேண்டும், தரையைத் தள்ள வேண்டும், வாயுவைக் கசியவிட வேண்டும். விஞ்ஞானிகள் முக்கியமாகத் தேடுவது இந்த மூன்றின் தடயங்களைத்தான்.

ஆனால் தடயம் என்று தெரிய, வழக்கம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக் கிணற்று மோட்டார் தினமும் ஓடுகிறது. ஒருநாள் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு அடுப்படியில் நிற்கும்போதே தெரிந்துவிடும். விருந்துக்கு வந்தவருக்குத் தெரியாது. அவருக்கு அது மோட்டார் சத்தம், அவ்வளவுதான். எரிமலையும் அதே கதை. ஒரு மலையில் நாளைக்கு ஐம்பது சிறு அதிர்வுகள் சாதாரணமாக இருக்கலாம், இன்னொரு மலையில் ஐந்து வந்தாலே ஆபத்தாக இருக்கலாம். சினாபுங்கில் 2010-இல் இல்லாமல் போனது இந்தப் பழக்கம்தான். அந்த மலையின் வழக்கத்தைக் கேட்டு வைத்தவர்கள் யாரும் இல்லை.

மலையோடு பழகுவதற்காகவே எரிமலை ஆய்வகங்கள் வந்தன. உலகின் முதல் ஆய்வகம் இத்தாலியில் வெசூவியஸ் மலைச்சரிவில் 1841-இல் தொடங்கியது. 1902-இல் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலை வெடித்து, செயின்ட் பியர் என்ற ஊரே அழிந்தது. ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். அந்த அழிவை நேரில் போய்ப் பார்த்த தாமஸ் ஜாகர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, வெடித்த பிறகு ஓடிப்போய்ப் பார்ப்பதில் பயனில்லை, மலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1912-இல் கிலாவேயாவின் விளிம்பில் ஹவாய் எரிமலை ஆய்வகத்தைத் தொடங்கினார். அது இன்றைக்கும் வேலை செய்கிறது. எனக்கு மிகவும் மரியாதை தோன்றும் முடிவு அது.

இனி கருவிகள். நில அதிர்வுமானிதான் முதல் காது. மலையைச் சுற்றிப் பல இடங்களில் வைத்தால், அதிர்வு ஒவ்வொரு கருவிக்கும் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதை ஒப்பிட்டு, அது எத்தனை ஆழத்தில் பிறந்தது என்று கணக்கிடலாம். ஆழம் நாளுக்கு நாள் குறைந்தால் ஏதோ மேலே வருகிறது என்று பொருள். அதிர்வின் வகையும் முக்கியம். காய்ந்த விறகை ஒடித்தால் வரும் ‘படக்’ போல, கூர்மையாகத் தொடங்கிச் சீக்கிரம் அடங்கும் அதிர்வு பாறை உடைவதால் வருவது. இன்னொரு வகை, சங்கு ஊதுவது போல. கல்யாண வீட்டில் சங்கு ஊதும்போது உடைவது எதுவுமில்லை. காற்று ஒரு குழிவுக்குள் புகுந்து முழங்குகிறது. அதே மாதிரி வாயுவும் குழம்பும் பாறை விரிசல்களுக்குள் அழுந்தும்போது, மெதுவான, நீண்ட அலையுள்ள அதிர்வுகள் வரும். பெர்னார்ட் ஷூவே என்ற விஞ்ஞானி இந்த இரண்டாம் வகையை ஆழமாகப் படித்து, உள்ளே அழுத்தம் ஏறுவதற்கு இது அறிகுறி என்று காட்டினார். இவை எல்லாம் விட்டுவிட்டு வராமல் ஒரே ரீங்காரமாகத் தொடர்ந்தால், குழம்போ வாயுவோ ஓடிக்கொண்டே இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது தரை உப்புவது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நம் ஊர்க் கொத்தனார்கள் நினைவுக்கு வருவார்கள். முகப்பிலிருந்து பின்கட்டு வரை தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் தளம் போடும்போது, நீளமான டியூபில் தண்ணீர் ஊற்றி ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு பக்கத் தரை தூக்கியிருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். கிலாவேயாவில் தரையின் சாய்வை அளக்கப் பல வருஷம் பயன்பட்ட கருவி இதே டியூப் மட்டம்தான். தொட்டிகளைக் குழாயால் இணைத்து, தண்ணீரின் உயரத்தை மிக நுணுக்கமாக அளந்தார்கள். அடியில் குழம்பு சேர்ந்தால் மலையின் உச்சி மெல்ல உப்பும், சரிவுகள் வெளிப்பக்கம் சாயும். குழம்பு வெளியேறினால் தளர்ந்து இறங்கும்.

இப்போது மின்னணுச் சாய்வுமானிகள் வந்துவிட்டன. ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் தகட்டைச் செருகினால் எவ்வளவு சாயுமோ, அந்தச் சாய்வையும் அவை கண்டுபிடிக்கும். ஜிபிஎஸ் கருவிகளை மலையில் நிரந்தரமாகப் பதித்து, நிலம் எந்தத் திசையில் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்றும் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் என்ற மீன்பிடி ஊரில் இதெல்லாம் சேர்ந்து பலன் தந்தது. அதிர்வுகளும் நிலத்தின் நகர்வும் சேர்ந்து, ஊருக்கு அடியிலேயே குழம்பு ஒரு சுவர் போலச் செருகிக்கொண்டு வருவதைக் காட்டின. நவம்பர் 10 இரவு ஏறத்தாழ 3,800 பேரும் ஊரைக் காலி செய்தார்கள். டிசம்பர் 18-இல் ஊருக்கு வடகிழக்கே நிலம் பிளந்து நெருப்பு வந்தது.

யாரும் ஏறிப்போக முடியாத மலைகளுக்கு வானிலிருந்து அளவு எடுக்கிறார்கள். ரேடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தை இரண்டு தேதிகளில் படமெடுத்து ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் தரை எவ்வளவு உயர்ந்தது என்று தெரிந்துவிடும். இதில் நம் நாட்டுப் பங்கு உண்டு. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வரும். அதன் நீண்ட அலை ரேடார் மரக்கிளைகளைத் தாண்டித் தரையைப் பார்க்கக்கூடியது. காடு மூடிய சுமத்ரா மலைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்தால் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

மூன்றாவது, வாயு. கரியமில வாயு ஆழத்திலேயே பிரிந்துவிடும். கந்தக டை ஆக்சைடு குழம்பு மேலே நெருங்கியபின் அதிகமாக வரும். அதனால் எது எவ்வளவு வருகிறது என்பது குழம்பு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு குறிப்பு. கந்தக வாயு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை விழுங்கும். புகைக்குக் கீழே வண்டியிலோ விமானத்திலோ போய், எவ்வளவு ஒளி காணாமல் போனது என்று அளந்தால் நாளொன்றுக்கு எத்தனை டன் வாயு வருகிறது என்று சொல்லலாம். இந்தக் கருவி முதலில் ஆலைப் புகைபோக்கிகளை அளப்பதற்காகச் செய்யப்பட்டது.

இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்பதற்கு 1991-இன் பினாடுபோவைப் போல வேறு கதை எனக்குத் தெரியவில்லை. சுமார் 500 வருஷம் அமைதியாக இருந்த மலை அது. மார்ச் மாதம் மலையில் வாழ்ந்தவர்கள் நில அதிர்வை உணர்ந்தார்கள். ஏப்ரல் 2-இல் மலைச்சரிவில் நீராவி வெடித்துக் கிளம்பியது. பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனத்தார் உடனே அதிர்வுமானிகளோடு போனார்கள். அந்த மாதக் கடைசியில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் குழுவும் வந்து சேர்ந்தது. இந்த மலையின் வழக்கம் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது. அதனால் பழைய சாட்சியைத் தேடினார்கள். அடிவாரப் பள்ளத்தாக்குகளில் படிந்திருந்த சாம்பல் அடுக்குகளுக்குள் கருகிய மரத்துண்டுகள் கிடைத்தன. அவற்றின் வயதைக் கணக்கிட்டதில், இந்த மலை வெடித்தது சில முறைதான், ஆனால் வெடித்த ஒவ்வொரு முறையும் பெரிதாக வெடித்தது என்று தெரிந்தது. அந்தப் படிவுகள் எவ்வளவு தூரம் பரவியிருந்தன என்பதை வைத்தே ஆபத்து வரைபடம் போட்டார்கள்.

மே 13-இல் கந்தக வாயு நாளுக்கு 500 டன். மே 28-இல் 5,000 டன்னைத் தாண்டியது. அப்புறம் திடீரென்று குறைந்தது. தெரியாதவர்கள் இதைப் பார்த்து ஆபத்து தணிந்தது என்று நினைத்திருப்பார்கள். அதிர்வுகளோ குறையவில்லை. அதனால் வாயு போகும் வழி அடைபட்டுவிட்டது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அவர்கள் அஞ்சினார்கள். கொதிக்கும் குக்கரில் விசில் நின்றுபோனால் நமக்கு வரும் அச்சம் அது. ஜூன் 5-இல் எச்சரிக்கை மூன்றாம் நிலை, 7-இல் நான்காம் நிலை, 9-இல் கடைசியான ஐந்தாம் நிலை. ஆட்களை வெளியேற்றும் வட்டம் 10 கிலோமீட்டரில் தொடங்கி 20, 30, கடைசியில் 40 என்று விரிந்தது. ஜூன் 10-இல் அருகிலிருந்த அமெரிக்கர்களின் கிளார்க் விமானப் படைத்தளத்திலிருந்து சுமார் 15,000 பேர் கிளம்பினார்கள். ஜூன் 15-இல் மலை வெடித்தது. சாம்பல் தூண் 35 கிலோமீட்டர் உயரம் போனது. அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று.

அதே நாளில் ஒரு புயலும் அந்தத் தீவைக் கடந்தது. மழையில் நனைந்து கனத்த சாம்பல் கூரைகளை அமுக்கி இடித்தது. வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி இறந்தவர்கள். ஆனாலும் முன்னெச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்று அந்த விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். மக்களை நம்பவைக்க, எரிமலையின் நெருப்பு மேகமும் (சரிவில் பாய்ந்து இறங்கும் கொதிக்கும் வாயுவும் சாம்பலும்) சேற்று வெள்ளமும் எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு காணொளியை அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் போட்டுக் காட்டினார்கள். அதை எடுத்தவர் மொரீஸ் கிராஃப்ட். அவரும் மனைவி காத்யாவும் அதே ஜூன் 3-இல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்துபோனார்கள். பினாடுபோவில் அந்தக் காணொளி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்தக் காணொளிக்குத் தேவை ஏன் வந்தது என்பதற்கு ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும். கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் பனிமூடிய எரிமலை. 1985 அக்டோபரிலேயே ஆபத்து வரைபடம் தயாராகிவிட்டது. ஆர்மேரோ என்ற ஊர் சேற்று வெள்ளத்தின் வழியில் இருப்பது அதில் இருந்தது. நவம்பர் 13 இரவு ஒன்பது மணிக்கு மலை வெடித்தது. பெரிய வெடிப்புகூட இல்லை. உருகிய பனி சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்றோடு இறங்கியது. ஊருக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் மேட்டுக்கு ஏறுங்கள் என்ற சொல் ஊருக்குள் சரியாகப் போய்ச் சேரவில்லை. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். வரைபடம் சரியாகத்தான் இருந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மக்கள் நம்பத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1976-இல் குவாதலூப் தீவில் சுமார் 70,000 பேரை மாதக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். எதிர்பார்த்த பெருவெடிப்பு வரவில்லை. இத்தாலியின் பொசுவோலி ஊரில் 1982 முதல் 1984 வரை தரை 1.8 மீட்டர் உயர்ந்தது. சுமார் 40,000 பேர் வீட்டைவிட்டுப் போனார்கள். அங்கும் வெடிக்கவில்லை. மேலே ஏறத் தொடங்கும் குழம்பு வழியிலேயே நின்று உறைந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் கிரகணம் போல நாள், நாழிகை குறித்துச் சொல்வதில்லை. அடுத்த சில நாளில் வெடிக்க எவ்வளவு வாய்ப்பு, வெடித்தால் எது வரை எட்டும் என்று வாய்ப்புக் கணக்காகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் எச்சரிக்கை நிலைகளாக மாற்றி ஊருக்கு அறிவிக்கிறார்கள்.

மறுபக்கம், தெளிவான அறிகுறி காட்டாமல் வெடிப்பதும் உண்டு. 2014 செப்டம்பர் 27, ஜப்பானின் ஓன்டாகே மலை. புதுக்குழம்பு எதுவும் ஏறவில்லை. அடியில் சூடேறிய தண்ணீர் நீராவியாக வெடித்தது. எச்சரிக்கை மிகக் கீழான நிலையில் இருந்தது. தொடர் அதிர்வு தொடங்கியது வெடிப்புக்குப் பத்துப் பதினொரு நிமிஷம் முன்னால்தான். இலையுதிர் கால அழகைப் பார்க்க ஏறியிருந்தவர்களில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். நீராவி வெடிப்பை முன்கூட்டிச் சொல்வதுதான் இன்றைக்கும் இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை.

சினாபுங்குக்குக் கருவிகள் 2010-க்குப் பின் வந்தன. 2013-இல் அது மறுபடி எழுந்தபோது, முன்பு போல் கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. எச்சரிக்கை உயர்ந்தது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். ஆனால் 2014 பிப்ரவரி 1-இல் விலக்கப்பட்ட பகுதிக்குள் போயிருந்த பத்துக்கும் மேற்பட்டோரை நெருப்பு மேகம் பிடித்துக்கொண்டது. விளைந்து நிற்கும் தோட்டத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு முகாமில் எத்தனை மாதம் உட்கார்ந்திருக்க முடியும்? அந்தக் கேள்விக்குக் கருவி பதில் சொல்லாது.

மீனா கடைசியாக நம் ஊரைப் பற்றிக் கேட்டாள். காம்பவுண்டு சுவரில் இருக்கும் செம்புறாங்கல்லில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அது எரிமலைக் கல்லா என்று. இல்லை. நீண்ட காலம் வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்து, இரும்பு மிஞ்சி இறுகியது அது. ஓட்டைகள் வாயுக் குமிழிகள் அல்ல. செட்டிநாட்டுக்கு அடியில் எரிமலை கிடையாது. இந்தியாவில் உயிருள்ள ஒரே எரிமலை அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவுதான். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் அடங்கியிருந்து 1991-இல் மறுபடி கிளம்பியது. அங்கே மனிதர்கள் குடியில்லை.

“அப்ப நமக்கும் எரிமலைக்கும் சம்பந்தமே இல்லையா அம்மான்?” என்றாள். சுமார் 74,000 வருஷத்துக்கு முன் சுமத்ராவில் தோபா என்ற எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி இந்தியா மேல் விழுந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்த அடுக்கை இப்போதும் மண்ணுக்குள் பார்க்கலாம். வெடித்த இடம் உள்வாங்கி, தண்ணீர் நிறைந்து, சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியாகிவிட்டது. மேடானுக்குத் தெற்கே இருக்கிறது. ஐயா அங்கேயும் போயிருக்கிறார். கடல் மாதிரி ஏரி அப்பு, நடுவில் பெரிய தீவு, படகில் போய் வந்தோம் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தீவு ஒரு காலத்தில் ஏரியின் அடித்தரை. கீழேயிருந்து குழம்பு தள்ளித் தள்ளி அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறது.